ரயில் போனது, பாதை பிழைத்தது

வட லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் பூங்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு நடைபாலம் இருக்கிறது. கீழே கிங்ஸ் க்ராஸிலிருந்து யார்க், நியூகாசில், எடின்பரோ என்று வடக்கே விரையும் ரயில்கள். ஒன்றின் இரைச்சல் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனால் மரங்களுக்குள் நுழைகிறது ஒரு மண்பாதை. அதுவும் ரயில்பாதைதான். அதில் கடைசியாகப் பயணிகள் வண்டி ஓடியது 1954 ஜூலை 3-ம் தேதி.

பார்க்லேண்ட் வாக் என்று இன்று அதற்குப் பெயர். ஃபின்ஸ்பரி பார்க்கில் புறப்பட்டு ஸ்ட்ரவுட் கிரீன், க்ரவுச் எண்ட், ஹைகேட், மஸ்வெல் ஹில் என்று புறநகர்களைத் தொட்டுக்கொண்டே குன்றின் மேலுள்ள அலெக்ஸாண்ட்ரா பேலஸ் வரை ஏறிய ரயில்பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடம் இப்போது நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் நரிகளுக்கும் வௌவால்களுக்கும் சொந்தம். லண்டனில் இவ்வளவு நீளமான உள்ளூர் இயற்கைக் காப்பகம் வேறு கிடையாது.

லண்டன் வரும் நம்மவர்கள் பிக் பென்னையும் டவர் பாலத்தையும் பார்த்துவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அரை நாள் கையிலிருந்தால் இங்கே வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. கட்டணம் இல்லை, வாசல் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. மழைக்காலம் என்றால் சேற்றுக்குத் தாங்கும் ஷூ மட்டும் வேண்டும்.

ரயில் முதலில், ஊர் பிறகு

1860-களில் இந்தப் பக்கமெல்லாம் மேய்ச்சல் நிலமும் பண்ணையும்தான். நகரத்தின் புகைக்கு வடக்கே, களிமண் குன்றுகளின் மேல், பணக்காரர்களின் மாளிகைகள் சில. எட்ஜ்வேர், ஹைகேட் அண்ட் லண்டன் ரயில்வே என்ற சிறிய கம்பெனி 1862-ல் பாதை போட அனுமதி வாங்கியது. 1867 ஆகஸ்ட் 22-ம் தேதி முதல் வண்டி ஓடியபோது அந்தக் கம்பெனி பெரிய கம்பெனியான கிரேட் நார்தர்னின் கைக்குப் போய்விட்டிருந்தது.

வயலுக்கு நடுவே ரயில் ஓடத் தொடங்கியதும் வீடுகள் வந்தன. நகரத்து வங்கிகளிலும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்களிலும் பேனா பிடித்த குமாஸ்தாக்களுக்காக வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். ஊர் பெருகப் பெருகப் பாதையில் ஸ்டேஷன்களைப் புதிதாகச் செருகினார்கள். ஸ்ட்ரவுட் கிரீன் 1881-ல் வந்தது. கிரான்லி கார்டன்ஸ் 1902 வரை காத்திருந்தது. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால், எது முதலில் வந்தது என்பது வீடுகள் நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். எல்லாம் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. முகப்பும் வளைந்த ஜன்னலும் வண்ணக் கண்ணாடியும் தெருப்பக்கம். சமையலறை, துணிக்கொடி, தட்டுமுட்டுச் சாமான் போடும் மரக்கொட்டகை எல்லாம் பாதைப்பக்கம். உயர்ந்த கரையின் மேல் நடக்கும்போது ஒரு புறநகரின் பின்வாசல் வாழ்க்கை முழுவதும் காலடியில் விரிகிறது.

அலெக்ஸாண்ட்ரா பேலஸ் கிளையின் கதை தனி. தென் லண்டனுக்கு ஒரு கிரிஸ்டல் பேலஸ் இருந்தது. வடக்கிலும் அப்படியொன்று வேண்டும் என்று குன்றின் உச்சியில் மக்களுக்கான கேளிக்கை அரண்மனை ஒன்றைக் கட்டினார்கள். 1873 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாள். அன்று அரண்மனையும் திறந்தது, ஹைகேட்டிலிருந்து அதன் வாசல்வரை போகும் ரயில்பாதையும் திறந்தது. பதினாறாவது நாள், ஜூன் 9, அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. போகுமிடம் சாம்பலான பிறகு ரயில் யாருக்காக ஓடும்? கிளைப்பாதை மூடிக் கிடந்தது. மறுபடி கட்டி 1875 மே 1-ம் தேதி திறந்தபோதுதான் ரயிலுக்கும் உயிர் வந்தது. அதன் பிறகும் அரண்மனை நஷ்டத்தில் தள்ளாடிய காலங்களில் எல்லாம் ரயிலும் சேர்ந்தே தள்ளாடியது.

கரி படிந்த மண்

ரயிலுக்குச் செங்குத்து ஆகாது. ஃபின்ஸ்பரி பார்க்கின் தாழ்ந்த தரையிலிருந்து ஹைகேட் குன்று வரை நீராவி எஞ்சினை ஏற்ற வேண்டுமானால் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, ஏறத்தாழ அறுபதடிக்கு ஓரடி என்ற சரிவுக்குள் பாதையைக் கொண்டுவர வேண்டும். மண்வெட்டியும் கூடையும் தள்ளுவண்டியும் கொண்டு மனிதர்கள் செய்த வேலை அது. அதன் பலனை அனுபவிப்பது இன்று நம் முழங்கால். இந்தப் பகுதியின் தெருக்களில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றங்கள் உண்டு. க்ரவுச் ஹில், ஹைகேட் ஹில் என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ரயில் தடத்தில் நடந்தால் ஏறுகிறோம் என்பதே தெரியாது. ஹைகேட்டை அடைந்து திரும்பிப் பார்த்தால்தான் எவ்வளவு உயரம் வந்திருக்கிறோம் என்று புரிகிறது.

நான் நடந்தது ஆகஸ்ட் மாத இறுதியில். பாதையின் இருபுறமும் கருப்பு நிறத்தில் பிளாக்பெர்ரி பழுத்துத் தொங்கியது. ஒரு தாயும் மகளும் ஐஸ்கிரீம் டப்பாவில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முள்ளுக்கு மேலே சிக்கமோர், ஆஷ், ஓக், பிர்ச் மரங்கள். சில இடங்களில் இரண்டு பக்கத்துக் கிளைகளும் மேலே கோத்துக்கொண்டு பந்தல் போட்டிருந்தன. பழைய காடு என்று யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் இங்கே உள்ள மரங்களில் பெரும்பாலானவை ரயிலைவிட வயதில் இளையவை. நீராவி எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறக்கும். காய்ந்த புல்லில் விழுந்தால் கரை முழுவதும் பற்றிக்கொள்ளும். அதனால் ரயில்வே தொழிலாளர்கள் புல்லையும் புதரையும் ஓயாமல் அரிவாளால் அரிந்துகொண்டே இருந்தார்கள். வண்டி நின்றது, அரிவாளும் நின்றது. காற்றில் வந்த விதை, பறவை போட்ட விதை, அடுத்த தோட்டத்திலிருந்து நழுவி வந்த விதை எல்லாம் சேர்ந்து ஒரே தலைமுறையில் இந்தக் காட்டை எழுப்பிவிட்டன.

பாதையோரம் மண் சரிந்திருந்த இடத்தில் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். லண்டன் களிமண் பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். இது கருப்பு. விரலால் நசுக்கினால் கரகரவென்று உதிர்கிறது. உள்ளே சிறு சிறு துளைகளோடு எரிந்து கெட்டித்த கரிக்கட்டிகள். எஞ்சின் அடுப்பிலிருந்து கொட்டிய சாம்பலையும் கரிக்கட்டியையும் ஜல்லியோடு சேர்த்துப் பரப்புவது அந்தக் கால வழக்கம். சத்தில்லாத, நீர் நில்லாத இந்தத் தரை சில செடிகளுக்கு அமிர்தம். சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவில் வளரும் மஞ்சள் பூச்செடி ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டு தாவரத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். அது சுவரேறித் தப்பி, ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் வந்ததும் பாதையோரக் கரிக்கட்டியைக் கண்டது. பிறந்த ஊரின் எரிமலைக் கல்லைப் போலவே இருந்திருக்க வேண்டும். வண்டிகளின் காற்றோடு பறந்து பிரிட்டன் முழுவதும் பரவிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட் என்று அதற்குப் பெயரே அமைந்துவிட்டது. ஊதா நிறக் கதிரோடு பட்டாம்பூச்சிகளை அழைக்கும் பட்லியா சீனாவிலிருந்து வந்தது. அதையும் இந்நாட்டுக்காரர்கள் ரயில்வே செடி என்றே நினைக்கிறார்கள்.

க்ரவுச் எண்டின் இரண்டு பிளாட்பாரம்

கரை முடிந்து பாதை பள்ளத்துக்குள் இறங்குகிறது. தலைக்கு மேலே தெருப்பாலங்கள். அவற்றின் அடிப்பக்கச் செங்கல்லில் சித்திரக் கிறுக்கல்கள், பெயர்கள், காதல் அறிவிப்புகள்.

பாலத்துக்கு முன்னால், வளைவு வளைவாகக் கட்டிய பழைய தாங்குசுவரில் ஓரிடத்தில் சட்டென்று ஒரு ஆள். சுவருக்குள்ளிருந்து பாதி உடம்பு வெளியே வந்து, கல்லைக் கையால் பற்றிக்கொண்டு, குதிக்கத் தயாராக நிற்கிறான். மர்லின் காலின்ஸ் என்ற சிற்பி செய்த ஸ்ப்ரிகன் அது. ஸ்ப்ரிகன் என்பது கார்ன்வால் நாட்டார் கதைகளில் வரும் குறும்புப் பூதம். பாழடைந்த இடங்களையும் புதையலையும் காவல் காப்பது அதன் வேலையாம். ஊர்க்காரர்கள் பச்சை மனிதன் என்கிறார்கள். நம் ஊர் எல்லையில் ஐயனாரோ முனியோ நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கைவிடப்பட்ட பாதைக்கு ஒரு காவல் தெய்வம் இருப்பதில் வியப்பே வராது. அவன் காலடியில் யாரோ இரண்டு காட்டுப்பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவனைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் க்ரவுச் எண்ட் ஸ்டேஷன். தெருமட்டத்தில் இருந்த டிக்கெட் ஆபீஸ் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் கீழே இரண்டு பிளாட்பாரங்களும் அப்படியே இருக்கின்றன. நாம் நடப்பது தண்டவாளம் கிடந்த இடத்தில். பிளாட்பாரத்தின் விளிம்பு இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்க, நாமே வண்டியாகி ஸ்டேஷனுக்குள் நுழைகிறோம். விளிம்புக் கற்கள் பலரின் கால் பட்டு மழுங்கிப்போனவை. அதன் மேல் ஒரு சிறுவன் கைகளை விரித்துச் சமநிலை பார்த்து நடந்தான். அவனுடைய தாத்தா எதிர்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடி வந்த ஒரு பெண் நின்று, விளிம்பில் காலை வைத்துத் தசையை நீட்டிவிட்டு மறுபடி ஓடினாள். ஸ்டேஷன் என்றால் மனிதர்கள் வந்துபோகும் இடம். அந்த வேலையை இது இன்றும் செய்கிறது.

மறக்கக் கூடாத கணக்கு ஒன்றும் இங்கே இருக்கிறது. க்ரவுச் எண்டுக்கும் மஸ்வெல் ஹில்லுக்கும் இன்று ரயிலும் இல்லை, அண்டர்கிரவுண்டும் இல்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் டபிள்யூ7 பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஃபின்ஸ்பரி பார்க் போய், அங்கே ரயிலைப் பிடிக்கிறார்கள். அவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்கள் இதே தூரத்தை ரயிலிலேயே போனார்கள். நாம் ரசித்து நடக்கும் பாதைக்கு அவர்கள் தினமும் பஸ் நிறுத்தத்தில் நின்று விலை கொடுக்கிறார்கள்.

வரவிருந்த ரயில்

இந்தப் பாதை பழசாகிப்போய் மூடியது என்று நினைக்க வேண்டாம். நவீனமாக்கத் தொடங்கி, பாதியில் விட்டதால் மூடியது.

1935-ல் லண்டன் போக்குவரத்து வாரியம் ஒரு பெரிய திட்டம் தீட்டியது. வடக்குக் குன்றுகளில் கிரேட் நார்தர்னின் பழைய நீராவிப் பாதைகளை எல்லாம் மின்மயமாக்கி, அண்டர்கிரவுண்டின் நார்தர்ன் லைனோடு இணைப்பது. மூர்கேட்டிலிருந்து சுரங்கத்தில் வரும் வண்டி ஃபின்ஸ்பரி பார்க்கில் தரைக்கு ஏறி, ஸ்ட்ரவுட் கிரீன், க்ரவுச் எண்ட் வழியாக ஹைகேட் போகும். அங்கிருந்து ஒன்று அலெக்ஸாண்ட்ரா பேலஸுக்கு, மற்றவை ஃபின்ச்லி, பார்னெட், எட்ஜ்வேர் பக்கம். வேலை மும்முரமாக நடந்தது. மின்சாரத் துணை நிலையங்கள் கட்டினார்கள், கம்பிவடம் இழுத்தார்கள். அண்டர்கிரவுண்ட் வரைபடத்திலேயே அலெக்ஸாண்ட்ரா பேலஸ் கிளை கட்டுமானத்தில் இருப்பதாகக் குறித்துவிட்டார்கள். அந்தக் கம்பிவடத்தைத் தாங்க நட்ட குட்டைக் கான்கிரீட் தூண்கள் சில இன்றும் புதருக்குள் நிற்கின்றன. கவனித்துப் பார்த்தால் தெரியும்.

1939-ல் போர் வந்தது. முடியும் தறுவாயில் இருந்தவற்றை மட்டும் முடித்தார்கள். ஆர்ச்வேயிலிருந்து ஈஸ்ட் ஃபின்ச்லி வரை சுரங்கம் போருக்குச் சற்று முன்பே, 1939 ஜூலையில், திறந்துவிட்டிருந்தது. ஹை பார்னெட்டுக்கு 1940 ஏப்ரலில் மின்சார வண்டி ஓடியது. மில் ஹில்லில் ராணுவ முகாம் இருந்ததால் 1941-ல் அதுவரை ஒற்றைப் பாதை போட்டார்கள். ஃபின்ஸ்பரி பார்க் - அலெக்ஸாண்ட்ரா பேலஸ் பாதை மட்டும் போர் முடியட்டும் என்று காத்திருந்தது.

போர் முடிந்தபோது காசு இல்லை. லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் அறிவித்து அதற்கப்பால் வீடு கட்டத் தடை போட்டதால், வடக்கே புதிய ஊர்களை எதிர்பார்த்து வகுத்த நீட்டிப்புகளுக்குத் தேவையும் இல்லாமல் போனது. க்ரவுச் எண்டும் மஸ்வெல் ஹில்லும் அப்படியல்ல. அங்கே ஊர் ஏற்கெனவே இருந்தது. ஆனால் இழுபறி நீண்டுகொண்டே போனது. பழைய நீராவி வண்டிகள் குறைந்த எண்ணிக்கையில் ஓடின. 1951 அக்டோபரில் நிலக்கரித் தட்டுப்பாடு என்று அவற்றையும் சில வாரம் நிறுத்தினார்கள். நிறுத்திய ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போன பயணி திரும்பி வருவாரா? 1954-ல் ஆளில்லை என்று காரணம் காட்டி மூடிவிட்டார்கள். போட்ட மின்வடத்தையும் கட்டிய துணை நிலையத்தையும் பார்க்கும்போது இது தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்றே எனக்குப் படுகிறது.

பயணிகள் போன பின்னும் கூட்ஸ் வண்டி சில ஆண்டுகள் கரி சுமந்தது. அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். மூர்கேட் பக்கம் ஓடிய சுரங்க ரயில் பெட்டிகளை ஹைகேட் பணிமனைக்குப் பழுதுபார்க்க அனுப்ப வேறு வழியில்லை. ஆகவே பாட்டரி எஞ்சின் கட்டி, காலிப் பெட்டிகளை இந்தப் பாதை வழியே இழுத்துப் போனார்கள். எந்த அண்டர்கிரவுண்ட் வண்டி வரும் என்று மக்கள் காத்திருந்தார்களோ, அதே வண்டி அவர்கள் பின்வாசலைத் தாண்டிப் பூட்டிய கதவோடு போய்வந்தது. பாலங்கள் பலவீனமானதால் 1970-ல் அதுவும் நின்றது. 1972-ல் தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள்.

துண்டு போடாமல் காத்தவர்கள்

ரயில்பாதையில் விலை சொல்ல முடியாதது அதன் அறுபடாத நீளம். ஒரு பெருநகரத்தின் நெரிசலுக்கு நடுவே, ஒரு தெருவையும் தரைமட்டத்தில் குறுக்கிடாமல், நான்கைந்து ஊர்களைக் கோத்துப் போகும் நாடா போன்ற நிலத்தை இன்று புதிதாக வாங்க எந்த அரசாலும் முடியாது. ஆனால் விற்பதானால் துண்டு துண்டாக விற்பது சுலபம். இங்கே நான்கு வீடு, அங்கே ஒரு கார் நிறுத்தம் என்று நறுக்கிவிடலாம்.

அப்படி வீடு கட்டும் யோசனை இந்தப் பாதைக்கும் வந்தது. அதற்குள் அக்கம்பக்கத்து மக்கள் இங்கே நடக்கப் பழகிவிட்டிருந்தார்கள். குழந்தைகள் விளையாடினார்கள், நாயைக் கூட்டிப் போனார்கள். அவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஹாரிங்கே கவுன்சில் பாதையைப் பொது நடைவழியாகவே வைத்துக்கொள்ள முடிவெடுத்து, 1984-ல் முறைப்படி திறந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. 1980-களின் இறுதியில் லண்டனின் சாலை நெரிசலைத் தீர்க்க மத்திய அரசு ஆய்வு நடத்தியது. தயாராக, நீளமாக, காலியாகக் கிடந்த இந்தத் தடத்தில் மோட்டார் சாலை போடலாம் என்ற திட்டம் அதில் முளைத்தது. எந்தக் குணம் நடப்பவர்களை இழுத்ததோ அதே குணம் சாலைக்காரர்களின் கண்ணையும் இழுத்தது. வட லண்டன் கொதித்தது. 1990-ல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு பாதை உள்ளூர் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பாரிஸில் பழைய ரயில் மேம்பாலம் பூங்காவானதும், நியூயார்க்கில் ஹை லைன் திறந்ததும் இதற்குப் பிறகுதான். ஹை லைன் 2009-ல் வந்தது. அங்கே கட்டடக் கலைஞர்களும் தோட்டக் கலைஞர்களும் ஒவ்வொரு செடியையும் தேர்ந்து வைத்தார்கள். இங்கே பெரும்பாலும் தானாக முளைத்ததை விட்டுவைத்தார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பார்ப்பதற்கென்று அலங்கரித்த இடத்தில் நாம் விருந்தாளி. இங்கே சேற்றுக் காலோடு போகலாம்.

வௌவாலும் வேலவனும்

ஹோம்ஸ்டேல் ரோட்டில் தென்பகுதி முடிகிறது. நேரே எதிரில் ஹைகேட் ரயில் குகைகள், இரட்டைச் செங்கல் வளைவுகளாக. இரும்புக் கம்பிக் கதவு போட்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குகின்றன. பிரிட்டனின் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் உறைவிடத்தைக் கலைப்பது குற்றம். கம்பிக்குப் பக்கத்தில் நின்றால் உள்ளிருந்து ஈரக் குளிர் முகத்தில் படும். குகைக்கு அப்பால் பழைய ஹைகேட் ஸ்டேஷன், மரங்கள் மூடிய பள்ளத்தில் கிடக்கிறது. அதற்கு நேர் கீழே ஆழத்தில் இன்றைய அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன் இயங்குகிறது. மேலேயுள்ளதைப் பார்க்க லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நடத்தும் சுற்றுலாவில் சீட்டு வாங்கினால்தான் முடியும்.

இங்கே பாதையை விட்டு ஆர்ச்வே ரோட்டுக்கு வந்தால் சில நிமிட நடையில் ஹைகேட் ஹில் முருகன் கோயில். 1986-ல் எழுந்தது. குன்றுதோறாடுபவனுக்கு லண்டனில் இடம் தேடியவர்கள் ஈழத்துத் தமிழர்கள். சரியான குன்றைத்தான் பிடித்திருக்கிறார்கள். 2002-ல் தன் ஆட்சியின் பொன்விழா ஆண்டில் எலிசபெத் ராணி இந்தக் கோயிலுக்கு வந்தார். பிரிட்டனில் ஓர் இந்துக் கோயிலுக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல்முறை.

பூசை முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா என் ஷூவில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, "பழைய ரெயில் பாதையாலையோ தம்பி வந்தனீங்கள்?" என்று கேட்டார். ஆமாம் அம்மா, உங்களுக்கு அந்தப் பாதை தெரியுமா என்றேன். "தெரியாமலென்ன. என்ரை ரெண்டு பிள்ளையளையும் அதாலைதான் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனனான். றோட்டாலை போனால் காரும் புகையும். அதாலை எண்டால் கையை விட்டிட்டு ஓட விடலாம்." பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர் போய்விட்டார்களாம். அவர் மட்டும் இன்னும் நடக்கிறார். "எனக்கு முழங்கால் நோ. மேடு ஏற ஏலாது. அந்தப் பாதையிலை ஏத்தம் தெரியாது பாருங்கோ" என்றார். நீராவி எஞ்சினுக்காக 1867-ல் செதுக்கிய சரிவைப் பற்றி இவ்வளவு சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அறுந்த இடம்

ஹைகேட்டிலிருந்து வடபகுதிக்குத் தொடர்ச்சி இல்லை. குகை பூட்டியிருப்பதால் தெருவில் நடந்து, குவீன்ஸ் வுட் அல்லது ஹைகேட் வுட் காட்டுக்குள் புகுந்து சுற்றிப் போக வேண்டும். பழமையான காடுகள், அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் தடம் அறுந்தது கால்களுக்குத் தெரிகிறது. மேடு, பள்ளம், சிக்னல், கார். கிரான்லி கார்டன்ஸ் ஸ்டேஷன் இருந்த இடத்தில் அதன் அடையாளமே இல்லை. மஸ்வெல் ஹில் ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம் நிற்கிறது. பள்ளிக்கூடம் வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஓரிரு துண்டுகள் போனதோடு, இந்த முழுப்பாதையிலும் மறுபடி ஒரு டிராமோ ரயிலோ ஓடும் வாய்ப்பும் ஏறத்தாழ போய்விட்டது.

மஸ்வெல் ஹில் ரோட்டருகே மறுபடி தடம் பிடித்தால் சிறிது நேரத்தில் பாதை அந்தரத்தில் ஏறுகிறது. செயின்ட் ஜேம்ஸஸ் லேனைத் தாண்டும் பதினேழு வளைவுச் செங்கல் பாலம். வலப்பக்கம் மரங்கள் விலகி லண்டன் முழுவதும் திறக்கிறது. நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்கள், கேனரி வார்ஃப், தெளிவான நாளில் தேம்ஸுக்கு அப்பாலுள்ள குன்றுகள். அந்தக் காலத்தில் தினமும் இந்த இடத்தைக் கடந்த குமாஸ்தா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பாலத்துக்கு அப்பால் ஒரு தெருவின் அடியில் நுழைந்து வெளிவந்தால் அலெக்ஸாண்ட்ரா பூங்கா. அரண்மனையின் பின்புறம் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்றும் உண்டு. சமூகக் கூடமாகப் பயன்படுகிறது. உலகின் முதல் முறையான உயர்தரத் தொலைக்காட்சி ஒளிபரப்பை பிபிசி 1936 நவம்பர் 2-ம் தேதி இந்த அரண்மனையிலிருந்துதான் தொடங்கியது. அதன் கோபுரம் தலைக்கு மேலே நிற்கிறது. களைத்தவர்களுக்கு டபிள்யூ3 பஸ் இருக்கிறது.

பாதைக்கு இப்போதுள்ள தலைவலி பாலங்கள். நார்த்வுட் ரோடு போன்ற இடங்களில் தடம் தெருவுக்கு மேலே போகிறது. அவை ரயில்வே விட்டுச்சென்ற பழைய கட்டுமானங்கள். தானாக முளைத்த மரங்களின் வேர் அவற்றின் செங்கல்லுக்குள் புகுந்து பிளக்கிறது. பாலத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் பக்கத்து மரங்களில் சிலவற்றை வெட்ட வேண்டும். வெட்டினால், இந்தப் பாதையைக் காத்த அதே மக்களுக்கு நெஞ்சு பொறுக்காது. மரத்தின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் பாலத்தின் பக்கம்தான் நான் நிற்பேன். வெட்டிய இடத்தில் சிக்கமோர் பத்தாண்டில் கேட்காமலே முளைத்து வந்துவிடும். பாலம் ஒன்று போனால், முழங்கால் வலிக்காரரும் குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளி வருபவரும் சக்கர நாற்காலிக்காரரும் அந்த இடத்தில் கரையிலிருந்து தெருவுக்கு இறங்கி, மறுபக்கம் படியேற வேண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேர் அதோடு வீடு திரும்பிவிடுவார்கள்.